பயணச் செலவைக் குறைத்துத் தந்த முகம் தெரியாதவருக்கு நன்றி சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் பன்னிரண்டு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ரயில் டிக்கெட்டை அச்செடுக்கவும் சலுகைப் படிவங்களை நகலெடுக்கவும் காசிமேடு, கொருக்குப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். தாள் வெளியே வரும் அந்த ஒரு நிமிடத்தில் கைபேசியை என் பக்கம் திருப்பி, "அக்கா, இவர் யாரென்றே தெரியாது. இவர் சொன்னபடி செய்ததில் எண்ணூறு ரூபாய் மிச்சம். இவருக்கு என்ன பதில் எழுதுவது?" என்று கேட்பார்கள்.

ஆள் மாறுகிறதே தவிர, கேள்வி மாறுவதில்லை. இத்தனை நாள் வாய்மொழியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கூடுமானவரை கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

1. அவர் எனக்காக மட்டும் சொல்லவில்லையே, ஊருக்கே சொன்னார். நான் தனியாக நன்றி சொல்லியே ஆக வேண்டுமா?

சொல்ல வேண்டும். ஊருக்கே சொன்னவருக்குத்தான் யாருக்குப் பயன்பட்டது என்பது தெரியாமலேயே போய்விடுகிறது. மூன்று மாத சீசன் டிக்கெட்டின் விலை மாத சீசனைப் போல் மூன்று மடங்கு அல்ல, 2.7 மடங்குதான். மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வேலைக்குப் போகிற எத்தனையோ பேர் இதைத் தெரிந்துகொள்ளாமலே மாதாமாதம் வரிசையில் நின்றிருக்கிறார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒன்பது நாள் கட்டணம் மிச்சம் என்று எழுதினார். அதைப் படித்துப் பயன்பெற்றவர்கள் எல்லோரும் 'ஊருக்குத்தானே சொன்னார்' என்று பேசாமல் இருந்துவிட்டால், அடுத்த முறை அவருக்கு எழுதக் கை வருமா?

2. 'நன்றி' என்று ஒரு சொல், அல்லது கைகூப்பும் படம். அது போதாதா?

மோசமில்லை, ஆனால் போதாது. கைகூப்பும் படத்தைப் பார்த்தால், அவர் சொன்ன பத்து விஷயங்களில் எது உங்களுக்கு உதவியது என்று அவருக்குத் தெரியாது. எதைச் செய்தீர்கள், எப்போது, எந்த ஊருக்கு, எவ்வளவு மிச்சம் என்ற நான்கையும் எழுதிவிட்டால் 'நன்றி' என்ற சொல் இல்லாவிட்டாலும் அது நன்றிதான்.

காசிமேட்டுத் தம்பி ஒருவர் என் கடையில் நின்றபடியே தட்டச்சு செய்த பதில் இது: "ஐந்து வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்று குறித்தால் பாதிக் கட்டணம் என்று எழுதியிருந்தீர்கள். என் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படியே போட்டேன். போக வர இரண்டு பேருக்கும் பாதிப் பணம் மிஞ்சியது. ஆனால் ஒன்பது வயதுப் பையனோடு ஒரே படுக்கையில் படுப்பது சிரமம், இரவெல்லாம் நான் உட்கார்ந்தே வந்தேன். சின்னப் பிள்ளைக்கு மட்டும் இப்படிச் செய்வது நல்லது."

கடைசி இரண்டு வாக்கியங்களைக் குறை சொல்வதாக நினைத்து அவர் அழிக்கப் பார்த்தார். நான் தடுத்தேன். 2016 ஏப்ரல் முதல் படுக்கை கேட்டால் பிள்ளைக்கும் முழுக் கட்டணம் என்பது விதி. அதனால் எந்த வயதுப் பிள்ளைக்கு மிச்சம் பிடிப்பது, எந்த வயதுக்குப் படுக்கை வாங்குவது என்பது அடுத்த பெற்றோருக்கு உண்மையான கேள்வி. அதற்கான பதில் அந்த இரண்டு வாக்கியங்களில்தான் இருந்தது.

3. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. எழுதினால் மேடைப் பேச்சு போல இருக்கிறது.

உண்மைதான். சோறு போட்ட அம்மாவுக்கு நாம் நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் 'உனக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்டிருப்பார். நம் பக்கத்துப் பெரியவர்கள் நன்றி என்ற சொல்லைத் தேடிப் போவதில்லை, வாழ்த்திவிடுவார்கள். "உன் கையும் காலும் நன்றாக இருக்க வேண்டும்" என்று மீன் கூடையைத் தூக்கிவிட்ட பையனுக்குச் சொல்வார்கள். அதையே எழுதுங்கள். "உங்களால் எங்கள் குடும்பம் நிம்மதியாகப் போய்வந்தது, நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்" என்பதில் மேடைப் பேச்சு எதுவும் இல்லை.

4. எப்படி அழைப்பது? அண்ணா, சார், ஐயா, எது சரி? ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

தெரியாதபோது உறவுமுறையே வேண்டாம். 'வணக்கம்' என்று தொடங்கி 'நீங்கள்' என்று எழுதினால் யாருக்கும் குறை வராது. அவர் தம் பேச்சில் தம்மை அண்ணன் என்றோ அக்கா என்றோ காட்டிக்கொண்ட பிறகு அப்படியே அழைக்கலாம். 'தம்பி' என்று மட்டும் நீங்களாகத் தொடங்காதீர்கள். எதிரில் இருப்பவருக்கு அறுபது வயது இருக்கலாம். ராயபுரத்து வாடிக்கையாளர் ஒருவர் மூன்று செய்திகளில் 'அண்ணா, அண்ணா' என்று எழுதிய பிறகுதான் உதவியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை என்று தெரிந்தது. அந்த அம்மா பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்.

5. எப்போது சொல்வது? டிக்கெட் கிடைத்ததுமா, ஊர் திரும்பியதுமா?

இரண்டு முறையும். டிக்கெட் கிடைத்ததும் ஒரு வரி, வீடு திரும்பியதும் இரண்டாம் கேள்வியில் சொன்ன விவரம். முதல் வரி எழுதியவரின் மனதைக் குளிர்விக்கும், இரண்டாவது அடுத்தவருக்கு வழிகாட்டும். பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

வேளாங்கண்ணித் திருவிழாவை வைத்துச் சொல்கிறேன், நம் பகுதியில் அதற்குப் போகாத தெரு குறைவு. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், செப்டம்பர் 7 ரயிலுக்கு முன்பதிவு திறப்பது ஜூலை 9 காலை 8 மணிக்கு. இந்தக் கணக்கை யாரோ ஒருவர் நாள்வாரியாக எழுதி வைத்ததால் கல்மண்டபம் பக்கத்துக் குடும்பம் ஒன்று கடைசி நேரத் தனியார் பஸ் கட்டணத்திலிருந்து தப்பித்தது. ஜூலை 9 அன்றே "கிடைத்துவிட்டது" என்று எழுதினார்கள். திரும்பி வந்ததும், எட்டு மணிக்கு எத்தனை நிமிடத்துக்குள் இடம் தீர்ந்தது, அடுத்த வருடம் எதை முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். பிறகு எங்கள் தெருவில் பலரும் தேடிப் படித்தது அந்த இரண்டாவது செய்தியைத்தான்.

6. அம்மாவுக்கு எழுத வராது. அவர்தான் பயணம் போனார். நான் எழுதினால் போதுமா?

அம்மாவையே பேசச் சொல்லிக் குரல் பதிவு அனுப்புங்கள். அரை நிமிடம் போதும், ஒத்திகை வேண்டாம். நீங்கள் எழுதும் பத்து வரிகளை விட, "நான்தான் அந்த டிக்கெட்டில் போன கிழவி, கீழ்ப் படுக்கை கிடைத்தது அப்பா" என்ற குரல் அவர் மனதில் நிற்கும். நாற்பத்தைந்து வயது கடந்த பெண்களுக்கும் அறுபது கடந்த ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு என்று சொல்லித் தந்தவருக்கு, முட்டி வலிக்கும் ஓர் அம்மா கீழே படுத்துப் போனார் என்பது தெரிந்தால் போதும், வேறு எதையும் கேட்க மாட்டார்.

7. ஐந்நூறு ரூபாய் மிச்சமானது. ஐம்பது ரூபாயாவது டீச்செலவுக்கு அனுப்பக் கூடாதா?

அவர் கேட்காதபோது அனுப்பாதீர்கள் என்பதுதான் என் கருத்து. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் பஸ் நிறுத்தத்தில் வழி சொன்னவர் கையில் பத்து ரூபாயைத் திணித்தால் அவர் முகம் எப்படி மாறும்? பணம் வந்ததும் அவர் செய்தது உதவி என்பது போய்க் கூலியாகிவிடுகிறது. அதோடு, நீங்கள் ஐம்பது அனுப்பியது தெரிந்தால், அனுப்ப வசதியில்லாதவர் அடுத்த முறை கேட்கவே கூச்சப்படுவார். உதவி மிகவும் தேவைப்படுகிறவரே அவர்தான்.

அந்த ஐம்பது ரூபாய் உறுத்துகிறது என்றால், அதை உங்கள் தெருவில் செலவு செய்யுங்கள். முதல் முறை ரயிலில் போகும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டிக்கெட் அச்செடுத்துக் கொடுங்கள், அதே விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். பிறகு, "நீங்கள் சொன்னதை இன்னொருவருக்கும் சொல்லிக் கொடுத்தேன், அவரும் போய்வந்தார்" என்று எழுதுங்கள்.

8. அவரே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆளுக்கு முப்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். தவறா?

இதில் கவனம் வேண்டும். சொந்தக் கணக்கில் நண்பருக்கும் உறவினருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அனுமதி இல்லாமல் டிக்கெட் எடுத்துக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்வது ரயில்வே சட்டத்தின் 143வது பிரிவின்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நீங்கள் அன்பாகக் கொடுக்கும் முப்பது ரூபாய், நாளை அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கக் கூடாது. டிக்கெட்டில் உள்ள தொகையை மட்டும், ஒரு ரூபாய் கூடவும் குறையவும் இல்லாமல், அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கொடுக்க வேண்டியதை இழுத்தடிக்காமல் கொடுப்பதே அவருக்குப் பெரிய மரியாதை.

என் கடையிலும் யாருக்கும் டிக்கெட் எடுத்துத் தருவதில்லை, அச்செடுப்பதோடு சரி.

9. நல்லதாகத்தான் யோசனை சொன்னார். இப்போது அவரே பணம் கேட்கிறார்.

உதவி செய்துவிட்டுப் பின்னால் பணம் கேட்பவர்களில் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. 'முன்பணம் கட்டினால் பாதி விலைக்கு டிக்கெட்', 'தொகை உங்கள் கணக்குக்குத் திரும்ப வரும், ரகசிய எண்ணை அழுத்துங்கள்' என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். நன்றிக்கடன் பட்டிருக்கிறோமே என்ற கூச்சத்தால்தான் பலர் இதில் விழுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

10. பணம் வேண்டாம் என்றால் கருவாடு அனுப்பலாமா? எங்களிடம் இருப்பது அதுதான்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் காசிமேட்டில் கருவாடு காயவைக்கும் அக்கா. மகளின் நேர்முகத் தேர்வுக்குக் கோயம்புத்தூர் போய்வர வழி சொன்னவருக்கு ஒரு கிலோ நெத்திலி அனுப்ப ஆசைப்பட்டார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். நம் கையால் விளைந்த பொருள் வேறு, கடையில் வாங்கிய பரிசு வேறு.

ஆனால் மூன்று விஷயங்களை யோசிக்கச் சொன்னேன். அவர் அசைவம் சாப்பிடுபவரா என்று தெரியாது. கருவாட்டின் வாசம் நமக்குப் பசியைக் கிளப்பும், அவர் குடியிருப்பில் பக்கத்து வீட்டாரோடு சண்டையைக் கிளப்பலாம். எல்லாவற்றையும் விட, அனுப்ப வேண்டுமென்றால் முகவரி கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று வீட்டு முகவரி கேட்டால், கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எதிரில் இருப்பவர் பின்வாங்குவார். ஒன்பதாம் கேள்வியில் சொன்ன ஏமாற்றுக்காரர்கள் செய்துவைத்த வேலை அது.

கடைசியில் அந்த அக்கா செய்தது எனக்குப் பிடித்திருந்தது. காலை வெயிலில் பாயில் பரப்பிய நெத்திலியையும், அதைக் கிளறிவிடும் தன் கையையும் படமெடுத்தார். "உங்களுக்கு அனுப்ப ஆசை, முகவரி கேட்கத் தயக்கம். சென்னைக்கு வந்தால் காசிமேட்டில் சொல்லுங்கள், கையோடு தருகிறேன். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது" என்று எழுதினார். முடிவை அவரிடமே விட்டுவிட்டார். அந்த மனிதர் இன்னும் வரவில்லை, ஆனால் எப்போது எந்தக் கருவாடு நன்றாக இருக்கும் என்று கேட்டுப் பதில் போட்டிருந்தார்.

11. நான் பெண். நன்றி சொல்லித் தனிச்செய்தி அனுப்பினேன். இப்போது தினமும் 'காலை வணக்கம்' வருகிறது.

தவறு உங்களுடையது அல்ல. பதில் போட வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஒரு வழி சொன்னதற்காக யாருக்கும் உங்கள் நேரத்தில் பங்கு கிடையாது, தயங்காமல் தடுத்துவிடுங்கள். இனிமேல் யோசனை எங்கே, எல்லோரும் பார்க்கச் சொல்லப்பட்டதோ அங்கேயே நன்றியையும் சொல்லுங்கள். பத்துப் பேர் பார்க்கச் சொன்ன நன்றியை யாரும் வேறு விதமாக எடுத்துக்கொள்ள முடியாது. மற்றவர்களுக்கும் தகவல் போய்ச் சேரும்.

ஆண்களுக்கும் ஒரு சொல். உதவியவர் பெண் என்றால் ஒரு முறை, பொதுவில், முழுமையாகச் சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

12. டிக்கெட்டைப் படமெடுத்துப் போட்டு 'உங்களால் கிடைத்தது' என்று காட்டலாமா?

பத்து இலக்க பி.என்.ஆர். எண், கியூ.ஆர். குறியீடு, கைபேசி எண், பெயர், வயது எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போடலாம். அப்படி மறைத்த பிறகு டிக்கெட்டில் மிஞ்சுவது கட்டணம் மட்டும்தான். அதற்குப் படம் எதற்கு, தொகையை எழுதிவிடலாமே.

13. பல கை மாறி வந்த செய்தி. முதலில் எழுதியவர் யாரென்று தெரியாது. யாருக்கு நன்றி சொல்வது?

உங்களுக்கு அனுப்பியவருக்குச் சொல்லுங்கள், அவருக்கு அனுப்பியவருக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். சில நேரம் அது ஆதிமூலம் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

நீங்கள் அதை மேலே அனுப்பும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். எழுதியவர் பெயர் இருந்தால் அதை வெட்டாதீர்கள். எந்த மாதம், எந்த வருடம் இது சரியாக இருந்தது என்று சேருங்கள். 'ரயிலுக்கு 120 நாள் முன்பே முன்பதிவு' என்ற செய்தி இன்னமும் என் கடைக்கு அச்செடுக்க வருகிறது. ஐந்தாம் கேள்வியைப் பாருங்கள், அந்த விதி மாறிவிட்டது. எழுதியவர் எழுதிய நாளில் அது சரி. தேதி இல்லாமல் அலையவிட்டதால் இன்று அவர் பொய் சொன்னவராகத் தெரிகிறார்.

14. அவர் சொன்னது தவறாகிவிட்டது. அதற்கும் நன்றியா?

நல்ல எண்ணத்தில் சொன்னார் என்றால், ஆமாம். நன்றியும் திருத்தமும் ஒரே மூச்சில் சொல்லலாம். ஒருவர், "கன்னியாகுமரிக்கு ஒரே டிக்கெட் எடுத்தால் மதுரையில் இறங்கிக் கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம், தனித்தனியாக எடுப்பதை விட மலிவு" என்று எழுதியிருந்தார். விதி உண்மை. ஆனால் முதல் 500 கிலோமீட்டர் கடந்த பிறகுதான் வழியில் இறங்கும் உரிமை வரும். எழும்பூரிலிருந்து மதுரை அதற்குச் சற்றுக் குறைவு. திருநெல்வேலி என்றால் சரி. "உங்களால்தான் இப்படி ஒரு வசதி இருப்பதே தெரிந்தது. மதுரை 500க்குள் வருவதால் முடியவில்லை, திருநெல்வேலியில் இறங்கினோம்" என்று எழுதினால் அவருக்கும் தலைகுனிவு இல்லை.

முதியோர் கட்டணச் சலுகை விஷயமும் இப்படித்தான். அது 2020 மார்ச்சிலிருந்து ரயிலில் நிறுத்தப்பட்டது. இன்னும் இருப்பதாக நம்பிச் சொல்கிறவர்கள் ஏராளம். முதலில் அவருக்குத் தனியாகச் சொல்லுங்கள், அவரே பொதுவில் திருத்திக்கொள்ள ஒருநாள் கொடுங்கள். திருத்தாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். தயவு பார்த்துச் சும்மா இருந்தால் யாரோ ஒரு பெரியவர் கவுன்டரில் போய் அவமானப்படுவார்.

15. பிள்ளையின் வயதைக் குறைத்துப் போடச் சொன்னார். வேறொருவர் சீசன் டிக்கெட்டில் போகச் சொன்னார். மிச்சம் என்னவோ உண்மைதான். நன்றி சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிட மாட்டேனா?

ஆக மாட்டீர்கள். சீசன் டிக்கெட் எடுத்தவருக்கு மட்டுமே உரியது. பரிசோதகர் பிடித்தால் அபராதம் கட்டப்போவது நீங்கள், யோசனை சொன்னவர் அல்ல. அதை விட, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் 'கேட்டால் நாலு வயது என்று சொல்' என்று சொல்லிக் கொடுப்பது எனக்கு ஆகவே ஆகாது. "அக்கறைக்கு மகிழ்ச்சி, நாங்கள் அப்படிச் செய்வதில்லை" என்று ஒரு வரி போதும். பொதுவில் பாராட்டி எழுதிவிடாதீர்கள், உங்கள் பெயரைப் பார்த்து நான்கு பேர் நம்புவார்கள்.

16. எனக்கு ஒன்றும் தெரியாது, எங்கும் போனதில்லை. பதிலுக்கு நான் என்ன சொல்லித் தர முடியும்?

வடசென்னையில் பிறந்து வளர்ந்துவிட்டு ஒன்றும் தெரியாது என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 இல் நம் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த நிலையத்துக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சென்ட்ரலில் இறங்கி ஆட்டோவுக்குக் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாம் சில ரூபாயில் முடிந்துவிடும். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் வண்டி மாறாமல் விம்கோ நகர் வரை வரலாம். 2021 பிப்ரவரியில் பாதை நீண்டதிலிருந்து நமக்கு எவ்வளவு சௌகரியம் என்று நினைத்துப் பாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை, இது தெரியாமல் டிக்கெட்டுக்குக் காசு நீட்டும் வெளியூர்ப் பெண்களை நானே பார்த்திருக்கிறேன். தென் மாவட்டப் பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மாறத் தொடங்கிய பிறகு, கடற்கரை நிலையத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்கிப் போவது எத்தனை மலிவு என்று உங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. திருவொற்றியூர்க் கோயிலுக்கு எந்த வாசல் வழியாகப் போனால் வெயில் படாது, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எந்தக் கிழமை கூட்டம் குறைவு, இவையெல்லாம் கூட மிச்சம்தான்.

வெளியூர்க்காரர் தம் ஊரைச் சொல்லித் தருகிறார். நீங்கள் உங்கள் ஊரைச் சொல்லுங்கள். ஏழாம் கேள்வியில் வந்த ஐம்பது ரூபாயை விட இதன் மதிப்பு அதிகம்.

17. நன்றி சொன்னேன். பதிலே வரவில்லை.

பரவாயில்லை, அவர் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தா சொன்னீர்கள்? படித்திருப்பார்.

18. வீட்டில் நோய். அதற்கான பயணத்தில்தான் உதவினார். விவரத்தைச் சொல்லாமல் எப்படி நன்றி சொல்வது?

புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் சலுகை, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் சான்றிதழுடன் முன்பதிவு கவுன்டரில் எடுக்க வேண்டும். இதைத் தெரியாமலே பல குடும்பங்கள் கடன் வாங்கிப் பயணம் செய்கின்றன. அதனால் இந்த நன்றியை மட்டும் அவசியம் பொதுவில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நோயாளியின் பெயரோ, உறவோ, நோயின் நிலையோ வேண்டாம். அவரைக் கேட்காமல் அதைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

"எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்காக இந்தச் சலுகையில் டிக்கெட் எடுத்தோம். சான்றிதழின் நகலோடு அசலையும் கேட்டார்கள். அடையாள அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்." இவ்வளவு போதும், படிக்கிறவர் புரிந்துகொள்வார். உதவியவர் அக்கறையில் "இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால், "சிகிச்சை நடக்கிறது, கேட்டதற்கு மகிழ்ச்சி" என்று நிறுத்திக்கொள்ளலாம்.

19. இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் நன்றி சொல்ல நினைத்தேன். அந்த எண்ணிலிருந்து அவருடைய மகள் பதில் போட்டார். அவர் இறந்துவிட்டாராம். இனி என்ன சொல்வது?

கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் இதைக் கேட்டார். முந்தைய கேள்வியில் சொன்ன சலுகையை அவருக்கு விளக்கியவர்தான் இறந்திருந்தார். 'ஆழ்ந்த இரங்கல்' என்று மட்டும் எழுதிவிட்டு விலகிவிடலாமா என்று யோசித்தார். வேண்டாம், மகளிடம் முழுவதையும் சொல்லுங்கள் என்றேன். அப்பா வெளியே முன்பின் தெரியாத மனிதர்களுக்கு என்ன செய்தார் என்பது பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அவர் எழுதினார்: "உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை. என் தந்தையைச் சிகிச்சைக்காகத் தூத்துக்குடியிலிருந்து ஒன்பது முறை அழைத்துவந்தேன். ஒன்பது முறையும் அவருக்குக் கட்டணம் இல்லாமல் வந்தோம். எந்தப் படிவம், எந்தக் கவுன்டர் என்று உங்கள் அப்பாதான் இரவு பதினொரு மணிக்குப் பொறுமையாக எழுதிக் கொடுத்தார்."

மறுநாள் மகளிடமிருந்து பதில் வந்தது. அப்பாவின் பழைய கைபேசி பழுதாகிவிட்டது, அதில் இருந்தவை எல்லாம் போய்விட்டன, அப்பா உங்களுக்கு எழுதியவை இருந்தால் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அந்த அண்ணன் கைபேசியோடு நேராக என் கடைக்கு வந்தார். தேதிவாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் படமாக்கி அனுப்பினோம். மொத்தம் பதினோரு செய்திகள் இருந்தன.